பாயிஸின் காலும் மெதுவாக ஏறும் மருந்தும்

ஜூலை 14, திங்கள்

விடிய முதலே கச்சான், மேற்குக் காற்று. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் முக்காட்டை ஒரு கையால் பிடித்து, சாப்பாட்டுப் பையை மறு கையால் பிடித்து, டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு. கந்தோரில் அரை நாள் லீவு. மற்ற அரை நாளும் ஓர்ஸ் ஹில் கந்தோரில் என் கதிரையில் இருந்தது வெறும் உடம்புதான். ஒரே கடிதத்துக்கு இரண்டு தரம் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது: இடியப்பம், சொதி, சாரன் இரண்டு, சுடுதண்ணிப் போத்தல். மறந்தது: போன் சார்ஜர். அதற்குப் பாயிஸிடமிருந்து ஒரு முறைப்பு. காய்ச்சலிலும் முறைக்கத் தெம்பு இருக்கிறது, நல்லது.

ஆண்கள் வாட்டு. மனைவிமார் தங்கக் கூடாது. பார்வை நேரம் முடிந்ததும் நேர்ஸ் மிஸ் கையைத் தட்டிக்கொண்டு வருவார், நாங்கள் கோழிகள் போலக் கலைய வேண்டும். ஆகவே பாயிஸுக்குத் துணையாக லத்தீப் நானா. அவரும் பாயிஸும் ஒரே படகில் கடலட்டைக்கு இறங்கும் சுழியோடிகள். கடலுக்கு அடியில் ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் சோடி. பாயிஸைவிட மூத்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் இன்னமும் வெளியாள்தான்.

பாயிஸின் காலை நினைத்தால் அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. இறக்கக்கண்டிப் பக்கம் பாறையில் சிப்பி வெட்டியது. சின்னக் கீறல். கழுவிக் கட்டியிருந்தால் முடிந்த கதை. ஆனால் படகு வைத்தியம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லாப் படகிலும் ஒரு பால்மா டின். அதற்குள் சிவப்பும் கறுப்புமாகக் கப்சூல். காயம் பட்டவர் ஒன்றை விழுங்குவார், இன்னொன்றை உடைத்துத் தூளைக் காயத்தில் தூவுவார். நோ குறைந்ததும் நிறுத்துவார். மிச்சம் டின்னுக்குள், அடுத்த ஆளுக்கு. எதைப் பங்கு போடும்போதும் சண்டை பிடிக்கிறவர்கள் இந்த டின்னில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

பாயிஸ் தூவினார், விழுங்கினார், நோ குறைந்தது, கடலில் இறங்கினார். வீங்கியது. மறுபடி டின். பிறகு ஒரு டிஸ்பென்சரி, அங்கே வேறு கப்சூல், அதுவும் பாதியில். இப்போது பாதத்தின் முன்பக்கம் கறுத்து, சின்ன விரலடியில் ஓட்டை, சீழ். மணம். அதை எழுத விருப்பமில்லை.

கத்தி டொக்டர் (சேர்ஜன்தான். அவருக்கு வேறு பெயர் வைக்க மனமில்லை) இன்று சொன்னார்: எலும்பின் ஓரத்தைத் தொட்டுவிட்டது, சீழ்ப் பரிசோதனை வரட்டும், அதற்குக் கேட்கிற மருந்து ஒன்றும் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முன்பாதத்தை எடுக்க வேண்டும்.

முன்பாதம் என்றால் ஐந்து விரலும். காலில் மாட்டும் ஃபின்ஸை ஒரு சுழியோடி பிறகு எதில் மாட்டுவது? நீந்துவது எதால்? கேட்கவில்லை. பாயிஸும் கேட்கவில்லை. சேர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போனபிறகு,

"ரிஸ்னா, இடியப்பம் இன்னும் கிடக்கா?"

எட்டு இடியப்பம் சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு.

ஜூலை 15, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியது. பிள்ளைகள் உம்மாவோடு. சின்னவள் பல் விழுந்ததைப் போனில் அழுது சொன்னாள். பல்லுக்கு அழ அவளுக்காவது நேரம் இருக்கிறது.

பரிசோதனை வந்தது! வாட்டில் இருக்கும் இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கடதாசியை என்னிடமே காட்டினார். மருந்துப் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எழுத்து. ஆர், ஆர், ஆர், ஆர். ஆர் என்றால் கிருமி அந்த மருந்தை மதிக்காது. படகு டின்னில் கிடந்ததும் ஆர். டிஸ்பென்சரி கொடுத்ததும் ஆர். விரலைக் கீழே ஓட்டினேன். அடியில் ஒரு எஸ்.

எஸ் என்றால் கேட்கும்.

ஓ.எல். சோதனையில் கணக்குக்கு எஸ், ஒப்புக்கு ஒரு பாஸ், எடுத்து வந்தபோது வாப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இன்று அந்த எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மருந்தின் பெயர் வங்கோமைசின். கிளைக்கோபெப்டைட் என்ற குடும்பமாம். திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமாக்கினேன். எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். கேட்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை, கந்தோர்ப் புத்தி. டொக்டருக்கு நேரமில்லை, ஆனாலும் நின்று சொன்னார்.

"கிருமியைச் சுத்தி ஒரு மதில் இருக்கு அக்கா. அது தன்ர மதிலைக் கட்டிக்கொண்டே இருக்கவேணும், இல்லாட்டி வெடிச்சுச் செத்துப்போகும். வழமையா நாங்கள் குடுக்கிற மருந்துகள் மேசன்ர கையைப் பிடிக்கிறது. மேசன் வேலை செய்யாட்டி மதில் இல்லை. உங்கட ஆளின்ர கிருமி என்ன செய்திருக்கெண்டா, மேசனை மாத்திப்போட்டுது. புது மேசன்ர கை அந்த மருந்துகளுக்குப் பிடிபடாது."

"அப்ப இது?"

"இது மேசனிட்டப் போறதே இல்லை. கல்லைப் போய்ப் பிடிச்சுக்கொள்ளும். கல்லின்ர நுனியில ஒட்டிக்கொண்டு விடாது. எந்த மேசன் வந்தாலும் அந்தக் கல்லை வைக்க ஏலாது."

"எங்கட வீட்டு மேசனுக்கு மருந்தே தேவல்ல டொக்டர். அரைச் சுவரோட போனவர், ஆளையே காணல்ல."

டொக்டர் சிரித்தார். பாயிஸும் சிரித்தார். இந்தக் கட்டிலில் கேட்ட முதல் சிரிப்பு.

குளிசையாகத் தந்தால் என்ன என்று கேட்டேன். குடித்தால் குடலோடு நின்றுவிடுமாம், இரத்தத்துக்குள் போகாதாம். ஆகவே நரம்பு வழியாக, போத்தலில் கலந்து, மிக மெதுவாக. ஒவ்வொரு முறையும் இரண்டு மணித்தியாலம். எலும்பு வரை போயிருப்பதால் கிழமைக்கணக்கில் ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் தண்ணீர் குடிக்க வேண்டும், சலம் அளந்து எழுத வேண்டும்.

லத்தீப் நானா அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொன்னேன், மருந்து கிடைத்துவிட்டது என்று. கல், மேசன் கதையும் சொன்னேன். மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதைச் சொன்னேனா? சொன்னதாக ஞாபகமில்லை. மிஸ் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பேன்.

நாளை முதல் போத்தல். எஸ், எஸ், எஸ்.

ஜூலை 16, புதன்

எழுத்து சரியில்லை.

கந்தோரில் இருக்கும்போது போன். லத்தீப் நானா. "தங்கச்சி, வாங்க. உடன வாங்க." வேறொன்றும் சொல்லவில்லை. பை, குடை எல்லாவற்றையும் மேசையில் விட்டுவிட்டு ஓடினேன். முச்சக்கர வண்டி. ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் மான்கள் ரோட்டைக் கடந்தன. ஒவ்வொன்றாக, நின்று நின்று, ஒரு குட்டி நடுரோட்டில் காதைச் சொறிந்துகொண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மானைத் தூஷணத்தால் ஏசினேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பாயிஸின் முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவப்பு. அவர் நிறத்தில் அப்படிச் சிவக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. சொறிகிறார், சொறிகிறார். "கடல் சொறி பட்ட மாதிரிக் கிடக்கு" என்றார். பிரஷர் இறங்கியிருந்தது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, கால் பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள். நான் வந்து கொஞ்ச நேரத்தில் சிவப்பு வடியத் தொடங்கியது. உயிர் வந்தது. அவருக்கும் எனக்கும்.

நடந்தது: போத்தலைப் போட்டு, அளவு வைத்துவிட்டு மிஸ் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாட்டுக்கு விபத்துக் காயக்காரர்கள் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அந்தப் பக்கம். பாயிஸ் சிவப்பதைக் கண்டது லத்தீப் நானா. கண்டவுடன் எழும்பி, சேலைன் குழாயில் இருக்கும் சின்னச் சில்லைத் திருகி மருந்தை மூடிவிட்டு, சத்தம் போட்டு மிஸ்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். டொக்டரே அவரைப் பாராட்டினார். "ஐயா மூடினது நல்லதாப் போச்சு." வாட்டு முழுக்க அவர்தான் வீரன். வெளியில் கூட்டிப் போய் பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்தேன். பாயிஸின் உயிரைக் காத்த கை என்று நினைத்து, பணிசைப் பிய்த்து அந்தக் கையிலேயே வைத்தேன்.

பிறகுதான் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த மருந்து வேகமா ஏறினா இப்பிடிச் சிவக்கிறது இருக்கு. அதுக்குப் பயமில்லை, மெதுவாக்கினாச் சரி. ஆனா மிஸ் சரியான அளவிலதான் வைச்சவ. சரியான அளவிலயும் இப்பிடி வந்தா, அது உண்மையான ஒவ்வாமையா இருக்கலாம். அப்பிடியெண்டா திரும்பக் குடுக்கிறது உயிரோட விளையாடுற வேலை."

"வேற மருந்து?"

"இருக்கு. எங்களிட்ட இப்ப இல்லை. கொழும்புக்கு எழுதவேணும். சேர்ஜன் அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க மாட்டார், எலும்பு போய்க்கொண்டிருக்கு."

கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் சிவப்பு மையால் எழுதினார். மருந்தின் பெயர், அதற்கு முன்னால் கூடாது என்று. இருந்தது ஒரே ஒரு எஸ். அதையும் வெட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை லிஸ்ட்டில் பாயிஸின் பெயர் மூன்றாவது.

பாயிஸுக்குச் சொல்ல வேண்டியது நான். சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "கால் போனா நான் படகுல எஞ்சின் பாக்கலாம். கீழ இறங்கத்தான் ஏலாது" என்றார். அந்த 'தான்' என்னைக் கொன்றுவிட்டது. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு இவர் சொன்ன பதில், கடலுக்குக் கீழே இருக்கிறேன், அலுவல் இருந்தால் மேலே வருவேன்.

பயமாக இருக்கிறது. அல்லாஹ், பயமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு எழுதப் பேனை போதாது!!

ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

காலை. டொக்டர்மார் கட்டில் கட்டிலாகப் பார்க்க வரும் முன் லத்தீப் நானாவைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனேன். மனிதர் நித்திரை இல்லாமல் கண் உள்ளே போய். என்னைத் தேற்றத்தான் கதையைத் தொடங்கினார், பாவம்.

"தங்கச்சி, அந்த மருந்து போனாப் போகட்டும். எனக்கு அதுல தொடக்கத்துலயே நம்பிக்கை இல்ல. ஒழுங்கா வரவே இல்லையே. சொட்டு… சொட்டு… ஒரு ஆம்புளைக்குக் காணுமா அது? பாயிஸ் காய்ச்சல்ல மூச்சு வாங்குறான். அடைச்சுப்போச்சு எண்டு நினைச்சு நான்தான் எழும்பி அந்தச் சில்லைத் திறந்து விட்டன். அதுக்குப் பிறகுதான் ஒழுங்கா ஓடினது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எவ்வளவு திறந்தீங்க நானா?"

"முழுசா."

"முழுசாவா?"

"பின்ன? கீழ ஒருத்தனுக்குக் காத்து குறைஞ்சா வால்வை அரைவாசியா திறக்கிற?"

முகத்தில் ஒரு துளி கலக்கம் இல்லை. பெருமை! கடலுக்கு அடியில் அது சரிதான். சிலிண்டரில் காற்று இறுகினால் சோடிக்காரன் நீந்தி வந்து முதலில் செய்வது அதைத்தான். அப்படி ஒரு தடவை பாயிஸைக் காப்பாற்றியும் இருக்கிறார். ஆனால் இது நிலம். அது மருந்து. காற்று இல்லை.

"நேத்து டொக்டரிட்ட இதைச் சொன்னீங்களா?"

"மூடினதைத்தான் கேட்டாங்க. மூடினன் எண்டு சொன்னன். திறந்ததை ஆரும் கேக்கல்லயே."

நான் ஏசியதை எல்லாம் எழுத முடியாது. கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று ஊட்டாத குறையாகக் கொடுத்த பணிசைத் திரும்பக் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன். பிறகு, சாரனைப் பிடித்து இழுக்காத குறை, வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வாயில்காவலர் தடுத்தார். அரசாங்க அடையாள அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினேன். காணிப் பகுதியில் கடிதம் எழுதும் லிகிதருக்கு ஆஸ்பத்திரியில் என்ன அதிகாரம் என்று அவர் கேட்பதற்குள் நாங்கள் உள்ளே.

கத்தி டொக்டர், இளம் டொக்டர், மிஸ் எல்லோரும் பாயிஸின் கட்டிலடியில்தான்.

"டொக்டர், இவர் ஒண்டு சொல்லுவார். கேளுங்க."

லத்தீப் நானாவின் குரல் திடீரென்று சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. கடலுக்கடியில் திருக்கை மீனோடு மல்லுக்கட்டும் மனிதர். சில்லுக் கதையைச் சொன்னார்.

"ஐயா, முழுசாத் திறந்தனீங்களோ?"

"ஓம் டொக்டர்."

"எவ்வளவு நேரம்?"

"அவன் சிவக்கிற வரைக்கும்."

இளம் டொக்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. பாவம் மிஸ், அவர்தான் உண்மையில் அழுதார். நேற்று முழுக்கத் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "நான் சரியா வைச்சது, நான் சரியா வைச்சது" என்று தன் சிங்களத் தமிழில் திரும்பத் திரும்ப. கத்தி டொக்டர் விஷயத்தைச் சிங்களத்தில் விசாரித்து அறிந்து, லத்தீப் நானாவைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். ஆள் சுழியோடியா என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை போல, தலையை ஆட்டினார்.

சிவப்பு மையை நீல மையால் வெட்டினார்கள். நான் பார்க்க. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் கையொப்பம். கந்தோரில் எத்தனை வெட்டுக்கோடு பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அழகான கோடு பார்த்ததில்லை.

மத்தியானம் மறுபடி போத்தல். முதலில் ஒவ்வாமைக்கு ஒரு ஊசி. பிறகு மருந்து, முந்தியதைவிட இன்னும் மெதுவாக. இளம் டொக்டர் தானே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில். சில்லுக்கு மேல் மிஸ் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். சொட்டு. சொட்டு. பாயிஸின் முகத்தை வாட்டே பார்த்தது. அடுத்த கட்டில் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. பாயிஸுக்கு வெட்கம், போர்வையை மேலே இழுத்தார். "முகத்தை மூடாதேங்கோ!" என்று டொக்டர் அதட்டினார்.

சிவக்கவில்லை.

கால்வாசி போனது. சிவக்கவில்லை. அரைவாசி. மூக்கைச் சொறிந்தார், எல்லோரும் எழும்பிவிட்டோம். "சும்மா சொறிஞ்சன்" என்றார். போத்தல் காலி. முகம் அதே கறுப்பு. என் மாப்பிள்ளையின் வெயில் சுட்ட, உப்பு ஊறிய, தங்கமான கறுப்பு.

கத்தி டொக்டர் பாயிஸின் பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் தள்ளிப் போட்டார். செவ்வாய் வரை தவணை, அதற்குள் மருந்து வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும்.

காட்டும். கல்லைப் பிடிக்கிற மருந்து. பிடி, விடாதே.

ஜூலை 18, வெள்ளி

காற்று. கந்தோர். மேலதிகாரி லீவுக் கணக்கைப் பற்றி ஒரு பேச்சு. இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால்.

லத்தீப் நானா நேற்று என்னிடம், தான் வீட்டுக்குப் போகட்டுமா, வேறு ஆளைத் துணைக்கு விடட்டுமா என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு. ஏசிய வாயால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் சொன்னேன். "நானா, அவர் சிவந்ததை முதல்ல கண்டது நீங்கதானே. நீங்கதான் இருக்கணும்." 

இன்று போய்ப் பார்த்தால், போத்தல் ஏறும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதற்குமேல் உட்கார்ந்திருக்கிறார். "கை தானாப் போகுது தங்கச்சி" என்றார். ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் முன் அடுத்த கட்டில் ஐயாவிடம் காவலை ஒப்படைத்திருக்கிறார். ஐயா எனக்கு ராணுவ அறிக்கை மாதிரிச் சொன்னார்: ஒருவரும் தொடவில்லை, மிஸ் மட்டும் இரண்டு தரம் வந்தார்.

பாயிஸ்: காய்ச்சல் குறைவு. இல்லை என்று எழுத ஆசை. குறைவு.

ஆட்டிறைச்சிக் கறி கேட்டார். இதுவும் ஒரு நல்ல அறிகுறியாக டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. இன்றுதான் எழுதத் துணிகிறேன்.

காயம் கழுவும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். மூக்கைப் பொத்தாமல். அந்த மணம் போய்விட்டது! சீழ் நூல் அளவுக்கு. கறுப்பு உரிந்த இடத்தில் இளஞ்சிவப்புச் சதை. மிஸ் விரலால் காட்டினார். "நல்ல சதை அம்மா, புது சதை." மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பதுபோல நான் குனிந்து குனிந்து பார்த்தேன். சிறுநீரக இரத்தப் பரிசோதனையும் நல்லது. லத்தீப் நானா சலப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் அளவு பார்த்து, உரத்த குரலில் அறிவிக்கிறார். வாட்டு முழுக்கப் பாயிஸின் சலக் கணக்குத் தெரியும்.

பின்னேரம் இறக்கக்கண்டியிலிருந்து படகுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். பேரீச்சம்பழம், தோடம்பழம். ஒருவர் காயத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், இப்ப நல்லாக் காஞ்சிருக்கு, மேல கொஞ்சம் கப்சூல் தூளும் போட்டா… சட்டைப் பையில் கை.

நான் வாய் திறக்க முன் லத்தீப் நானா எழும்பினார்.

"எடுடா அதை! எடுத்து இங்க வை! பாதி குடிக்கிற, பாதியைத் தூவுற, மிச்சத்தை டின்னுல போடுற. சாகாமத் தப்பின கிருமி என்ன செய்யும்? வேற மேசனைக் கொண்டுவரும்! தெரியுமா உனக்கு? வேற மேசன்! பாயிஸ்ட கால் போகப் பாத்தது அதாலதான். இப்ப ஏறுற மருந்து கல்லைப் பிடிக்கும். மேசனை இல்லடா, கல்லை!"

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் வீடு கட்டுகிற கதை என்று என்னைப் பார்த்தார். ஆனால் கப்சூலை எடுத்து வைத்துவிட்டார். லத்தீப் நானா அதை மருந்தகத்தில் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார். வாசலில் நின்ற இளம் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். போகும்போது, "அக்கா, அடுத்த முறை நோயாளருக்கு விளங்கப்படுத்த ஐயாவைக் கூப்பிடுறன்" என்றார்.

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதிப் பார்க்கிறேன்: சந்தோஷமாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கத்தி டொக்டர் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை இப்படி எழுதக்கூடாதோ? எழுதியாயிற்று.

பாலத்தில் காற்று இல்லை. பஸ்ஸில் கோணர் ஸீட்.

ஜூலை 22, செவ்வாய்

முழு நாள் லீவு. மேலதிகாரி கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காலை சாப்பாடு இறங்கவில்லை. லத்தீப் நானாவுக்கும் இறங்கவில்லை. பாயிஸ் மட்டும் என் பங்கையும் சேர்த்து.

கத்தி டொக்டர் வந்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மற்ற டொக்டர்மாரிடம் இங்கிலிஷில் ஏதோ சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை.  பிறகு குனிந்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அமர்த்தினார். அமர்த்தின இடம் வெளுத்து, பிறகு இரத்தம் திரும்பி ஓடி வந்தது. ஐந்திலும் வந்தது. சின்ன விரலில் கொஞ்சம் பிந்தி வந்தது, ஆனால் வந்தது.

"ஆட்டுங்க" என்றார், தமிழில்.

பாயிஸ் ஆட்டினார். பெருவிரல் ஆடியது. அடுத்தது ஆடியது, அதோடு மற்ற இரண்டும். நடு மூன்றும் எப்போதுமே ஒன்றாகத்தான் ஆடும், சின்ன வயதிலிருந்து அப்படித்தானாம். சின்ன விரல் ஆடவில்லை. இன்னொரு தரம். ஆடியது.

கத்தி டொக்டர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் இளம் டொக்டரைப் பார்த்தேன்.

"வெட்டத் தேவையில்லை அக்கா" என்றார். "லிஸ்ட்டில இருந்து பேரை எடுத்தாச்சு. செத்த எலும்பில சின்னத் துண்டைச் சுரண்டி எடுக்கவேண்டி வரலாம், அவ்வளவுதான். மருந்து இன்னும் கன நாள் ஏறவேணும். ஆனா கால் இருக்கும். முழுக் கால்."

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தத்தில் வாட்டின் அந்தத் தொங்கலில் நித்திரையாக இருந்தவர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். "அம்மா! சத்தம்!" என்று மிஸ் ஓடி வந்தார், வந்தவர் தானும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். லத்தீப் நானா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் அழுததை நான் காணவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் அழவில்லை என்று இங்கே எழுதலாம்தான், ஆனால் இதை ஒருவரும் படிக்கப்போவதில்லை. அழுதேன். மூக்கெல்லாம் ஒழுக ஒழுக அழுதேன்.

பாயிஸ் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது போல. பார்வை நேரம் முடியும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ரிஸ்னா, நாளைக்கு வரக்குள்ள என்ட மற்றச் செருப்பையும் கொண்டு வா."

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, கட்டுப் போட்ட காலுக்கு எதற்கென்று இடது செருப்பை மட்டும்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

"இப்ப எதுக்கு மச்சான்? இன்னும் நடக்க விட மாட்டாங்களே."

"நடக்க இல்ல. கட்டிலுக்குக் கீழ கிடக்கட்டும். சோடியா."

வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் தேடி எடுத்தேன். வலது. கடல் மணல் ஒட்டியபடி. கழுவி, துடைத்து, சாப்பாட்டுப் பைக்கு மேலேயே வைத்திருக்கிறேன். உம்மா பார்த்துவிட்டு, செருப்பையா சோத்துக்கு மேல வைக்கிற என்று ஏசினார்.

ஓம் உம்மா, மேலதான்.